கடற்கரைக்கு வந்த தாமிரபரணி

அவைத்தலைவர் திருஞானசம்பந்தம் பிள்ளை அவர்களே, நாற்பது மைல் மாட்டுவண்டியில் குலுங்கி வந்திருக்கும் பங்குதாரப் பெருமக்களே, வணக்கம்.

நம் கம்பெனியின் தலைவர் ராவ் சாகிப் அம்மையப்ப பிள்ளை மறைந்து இன்று பதினேழாம் நாள். அவர் கட்டிய மண்டபத்தில், அவருக்குப் பிடித்த கடற்காற்றில், அவரைப் பற்றி நல்லதைப் பேசக் கூடியிருக்கிறோம். கடினமான வேலையன்று.

ஆறு ஆண்டுகளுக்கு முன், குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையில் மாளிகைகள் கட்டி விற்போம் என்று அவர் சொன்னபோது நாம் என்ன சொன்னோம்? கடலுக்குப் போவது அமாவாசைக்கும் அஸ்தி கரைக்கவும்தானே, குடியிருக்கவா என்றோம். ராவ் சாகிப் சளைத்தாரா? கடற்காற்றில் துரைமாருக்கு நன்றாகப் பசிக்கிறது என்றார். பசி என்றதும் பங்கு வாங்கினோம். பன்னிரண்டு மாளிகைகள் எழும்பின; நாமே மாறிமாறி வந்து தங்கினோம். பர்மாத் தேக்கு என்ன, சலவைக்கல் என்ன, மாடிக்கு மாடி ஊஞ்சல் என்ன!

குறை ஒன்றுதான். நம்மவர்கள் ஊரை விடுவார்கள், தாமிரபரணி ஆற்றை விடமாட்டார்கள். ஒரு வாய் குடித்ததும், சீவலப்பேரிக்கு மேலே மொண்டதா கீழே மொண்டதா என்று சொல்லிவிடும் நாக்கல்லவா நம்முடையது! ஆகவே வண்டிக்காரன் சொரிமுத்து திங்கட்கிழமை காலிப் பீப்பாய்களோடு ஆற்றுக்குப் புறப்படுவான். வியாழக்கிழமை நிறைத்துக்கொண்டு வருவான். மூன்று ஆண்டுகள் அதில் குளித்தோம், சமைத்தோம், சிவபூஜை செய்தோம். அவன் மாடுகள் மட்டும் ஏன் இளைக்கவில்லை என்று எவரும் கேட்கவில்லை.

பிறகு இரண்டாம் வரிசை மாளிகைகளுக்காகக் கரையிலுள்ள பதினேழு குடிசைகளை அகற்றத் தீர்மானித்தோம். நோட்டீசை ராவ் சாகிப் தாமே கொண்டுபோனார். காரியதரிசி என்ற முறையில் குடை பிடித்து நானும் போனேன். குடிசைகளுக்கு நடுவே மணலில் ஓர் ஊற்று. அதைச் சுற்றி நம் பீப்பாய்கள். சொரிமுத்துவின் அக்காள் தங்கத்தாய் தேங்காய்ச் சிரட்டையால் கோரிக் கோரி நிரப்பிக்கொண்டிருந்தாள். சொரிமுத்து வண்டிக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அன்று செவ்வாய்க்கிழமை.

நோட்டீசை வாசித்தேன். அவள் கோருவதை நிறுத்தவில்லை.

"போகச் சொன்னா போயிருதோம் எசமான். ஊத்து மேல கட்டடம் கட்டிட்டா உங்க ஆறு வத்திரும்லா?"

ராவ் சாகிப் பீப்பாய்களைப் பார்த்தார். ஒரு சிரட்டை வாங்கிக் குடித்தார். மறுபடி ஒன்று வாங்கிக் குடித்தார்.

"ஆத்துத் தண்ணிதான் வே. சந்தேகமே இல்ல," என்றார் என்னிடம். நோட்டீசை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அதன்பின் இரண்டு ஆண்டுகள், ஒவ்வொரு கூட்டத்திலும் குடிசைத் தீர்மானத்தை ஒத்திவைத்தார். ஒருமுறை ராகுகாலம் என்றார். ஒருமுறை பல்வலி என்றார். அவருக்குப் பல்லே கிடையாது என்பது நமக்கெல்லாம் தெரியும். இருந்தும் நம்பினோமே, அதுவல்லவா தலைமை!

சிலருக்கு முகம் மாறுகிறது. ஐந்து ஆண்டுகளாகச் சுவாமிக்கும் அந்த ஊற்றுநீரில்தான் அபிஷேகம். சுவாமி ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை.

நாளைக் கூட்டத்தில் அதே தீர்மானம் மறுபடி வருகிறது. ஒத்திவைக்க ராவ் சாகிப் இல்லை. எனக்கோ பற்கள் முப்பத்திரண்டும் உறுதியாக இருக்கின்றன. அவர் விட்டுச்சென்ற பணியை நாமல்லவா தொடர வேண்டும்? அந்தத் தீர்மானத்தை இங்கேயே, இப்போதே கைவிடுவோம். குடிசைகள் இருக்கட்டும். ஆறு ஓடட்டும்.

வெயிலுக்காக எல்லார் கையிலும் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்திருக்கிறோம். சற்றுமுன் நம் அவைத்தலைவர் இரண்டாம் தம்ளர் கேட்டு வாங்கி, "தண்ணின்னா இதுல்லா தண்ணி" என்றார். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கலாம்.