தானாகக் கரைய வேண்டும்

வெண்ணெயை உருக்குவது எனக்குப் பிடிக்காது ஐயா. உருக்கினால் அது நெய்யாகிவிடுகிறது. நெய்க்கு மணம் உண்டு, பந்தியில் மரியாதை உண்டு, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெண்ணெய் போய்விடுகிறதே. சோற்றில் போட்டுப் பிசைவதும் தோசைமேல் வைப்பதும்கூட எனக்குச் சம்மதமில்லை. சுண்டைக்காய் அளவு எடுத்து நாக்கின் நடுவில் வைத்து வாயை மூடிக்கொள்ள வேண்டும். மெல்லக் கூடாது, விழுங்கக் கூடாது, பேசவும் கூடாது. தானாகக் கரையும்வரை சும்மா இருக்க வேண்டும். நெல்லிக்காய் அளவு எடுத்தால் ரேடியோவில் ஒரு பாட்டு முடிகிற நேரம் ஆகும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த அளவு எடுத்துப் பார்க்க எனக்கு ஒரே ஒரு தடவைதான் வாய்த்தது.

ஏட்டையா சிரிக்கிறார், சிரிக்கட்டும். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு இதுதான் முதல்.

சின்ன வயதில் அப்பா என்னைத் தாராபுரம் சந்தைக்குக் கூட்டிப் போவார். வெண்ணெய் விற்கிறவர்கள் வாங்க வருகிறவர்களின் புறங்கையில் ஒரு துளி தடவுவார்கள். நக்கிப் பார்த்து, புளிப்பு ஏறியிருக்கிறதே, எருமை வெண்ணெய்தானா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் விலைக்குப் போக வேண்டும். அப்பா ஐந்தாறு கூடைகளில் என் கையை நீட்டச் சொல்வார். கடைசிக் கூடையில் உதட்டைப் பிதுக்கிவிட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நடந்துவிடுவார். அடுத்த வாரமும் அதே கதைதான். எங்கள் வீட்டுக்குள் வெண்ணெய் வந்ததே கிடையாது. அப்பாவை நான் குறை சொல்லவில்லை, அவரால் முடிந்தது புறங்கை அளவு. என்றைக்காவது ஒரு முழு உருண்டை என் வாய்க்கு வரும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

எண்பதாம் வருடம் கந்தவேலுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். திருப்பூரில் சொந்த வீடு, பின்னால் ஷெட், ஷெட்டில் பனியன் தைக்க எட்டு மெஷின் என்று எல்லோரும் என் அதிர்ஷ்டத்தைப் பேசினார்கள். எனக்கு நினைவிருப்பது முதல் நாள் காலைப் பலகாரம். அவர் தட்டில் இட்லிக்குப் பக்கத்தில் எலுமிச்சை அளவில் ஒரு வெண்ணெய் உருண்டை இருந்தது. ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து பழனாயி என்கிற அம்மாள் வியாழக்கிழமைதோறும் ஏழு உருண்டை கொண்டுவந்து கொடுப்பார். நாளுக்கு ஒன்று, அவருக்கு. நானும் ஒன்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவர் சாப்பிட்ட தட்டில்தான் நான் சாப்பிட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். எனக்கு அதில் வருத்தமில்லை. சில நாள் தட்டின் ஓரத்தில் கொஞ்சம் வெண்ணெய் ஒட்டியிருக்கும். சில நாள் விரலால் சுத்தமாக வழித்துவிடுவார். இன்றைக்கு எது என்று அவர் எழுந்து கை கழுவப் போகும்வரை தெரியாது. கதவுப் பக்கம் நின்று அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். பதினோரு வருடம் அப்படி நின்றேன். அவர் ஒரு நாளாவது திரும்பி என் முகத்தைப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நல்ல மனிதர் ஐயா. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. தீபாவளிக்கு வேலைக்காரர்களுக்கு எடுப்பதற்கு முன்பு எனக்குப் புடவை எடுத்துவிடுவார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றொன்று ஆடியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. கோயமுத்தூரில் பத்து நாள் வைத்திருந்தோம். வெண்ணெய், நெய், முட்டை எதுவும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு மாத்திரையும் கொடுத்தார். வலி வந்தால் உடனே ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். மெல்லக் கூடாது, விழுங்கக் கூடாது, தானாகக் கரைய வேண்டும். எந்த நேரமும் உடம்போடு இருக்க வேண்டும், தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். வெண்ணெய் தின்கிற முறையை இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

வீட்டுக்கு வந்த முதல் வியாழக்கிழமை பழனாயி வழக்கம்போல வாசலில் கூடையை இறக்கினார். நான் கதவுக்கு உள்பக்கம் நின்றேன். இனி என் தட்டுக்குத் தனியாக ஒரு உருண்டை வரும் என்று அந்தப் பத்து நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன். மறைக்காமல் சொல்கிறேன், அவருக்கு உடம்பு சரியில்லாத துக்கத்துக்கு நடுவில் அந்தச் சந்தோஷமும் இருந்தது.

அவர் பழனாயியிடம், "நான் திங்காத பண்டம் இந்த ஊட்டுக்குள்ள எதுக்குங்க? இனி வர வேண்டாமுங்க" என்றார்.

"அம்மிணிக்காச்சும் ஒண்ணு வெச்சுட்டுப் போறனுங்களே" என்றார் பழனாயி.

"அவளுக்கு எதுக்குங்க?"

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். பதினோரு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை. கூடை படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாத்திரைக்கு நான்தான் வழி செய்தேன். ஷெட்டில் ஆள் குறைவாக இருந்த காலத்தில் நானும் மெஷினில் உட்கார்ந்தவள், தையல் எனக்குக் கைவந்த வேலை. அவர் வீட்டிலும் ஷெட்டிலும் எங்கள் கம்பெனியின் கை வைத்த பனியன்தான் போடுவார், மேலே சட்டை போட மாட்டார். ஆறு பனியனிலும் இடது மார்புப் பக்கம் உள்ளே ஒரு சின்னப் பை தைத்தேன். அவர் குளிக்கும்போது மாத்திரை அட்டையைப் பையில் வைத்துப் பனியனை ஆணியில் மாட்டிவிடுவேன். போட்டுக்கொண்டு மார்பில் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். உள்ளே அட்டை கரகரக்கும், அவரும் ஷெட்டுக்குப் போய்விடுவார். இரவில் அதே அட்டை தலையணைக்கு அடியில் இருக்கும். அந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை வலி வந்தது. இரண்டு முறையும் பையில் கையை விட்டார், மாத்திரையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தார், பிழைத்துக்கொண்டார். நான் எதிரில் உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை பழனாயியை அடுத்த தெருவில் பார்த்தேன். ஒரு உருண்டை வாங்கினேன். டிபன் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, அதில் மிதக்கவிட்டு, ஷெட்டில் நூல் கோன் அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். ஒரு உருண்டையை ஏழு நாளுக்கு வைத்துக்கொள்வேன். மத்தியானம் கோன் எடுக்கப் போகிற சாக்கில் சுண்டைக்காய் அளவு. வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த மாதங்கள் அவைதான்.

கார்த்திகையில் அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஷெட்டில் எல்லோரும் இருந்தார்கள். டப்பாவைத் திறந்து, இது யாருது என்று கேட்டார். என்னுது என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அயர்ன் டேபிளுக்குப் போனார். சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாக நிறுத்தி, அன்றைக்குத்தான் வாங்கிய முழு உருண்டையை அதன்மேல் வைத்தார்.

"இது என்னையக் கொல்ல வந்த பண்டம் ஞானா. உன்னையும் கொல்லும்" என்றார்.

அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, இளகி, பெட்டியின் விளிம்பில் வழிந்து தரையில் சொட்டியது. ஆட்கள் சிரித்தார்கள். ராமுத்தாய் என்று ஒரு டெய்லர், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், அவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். ஷெட்டில் இரண்டு நாள் நெய் மணம் அடித்தது. வந்தவர்கள் எல்லாம் மணத்தைப் புகழ்ந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை அவர் குளிக்கப் போனதும் மாத்திரை அட்டையைப் பையில் வைத்தேன். பிறகு பையின் வாயை மெஷினில் தைத்தேன். இரண்டங்குலத் தையல். தொடக்கத்திலும் முடிவிலும் பின்னுக்குப் போய் இறுக்கினேன், அது என் பழக்கம். பனியனை ஆணியில் மாட்டினேன். அவர் போட்டுக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினார். அட்டை கரகரத்தது. ஷெட்டுக்குப் போனார்.

சாயங்காலம் பனியனைக் கழற்றியதும் தையலைப் பிரித்து, அட்டையை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். மறுநாள் காலை மறுபடி தைத்தேன். பத்தொன்பது நாள் தைத்தேன், பதினெட்டு நாள் பிரித்தேன். பிரித்ததையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, அது யாருக்கும் தெரியாது. வலி வரும் வராது என்பது என் கையில் இல்லை. அதை நான் மேலே இருக்கிறவனிடம் விட்டிருந்தேன். அவர் காலையில் மார்பைத் தட்டுகிற நேரத்தில் மட்டும் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன். மற்றபடி சமையல், துணி, எல்லாம் நடந்தது.

பத்தொன்பதாம் நாள் தையலை நான் பிரிக்கவில்லை. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். குளிப்பாட்டும்போது கழற்றிய பனியன் மூலையில் கிடந்தது. என் கை அதை எடுத்து ஷெட்டு வேஸ்ட் மூட்டையில் போட்டுவிட்டது. எரித்திருக்கலாம், கிணற்றில் போட்டிருக்கலாம். பனியன் கம்பெனி வீட்டில் பழைய பனியனை யாரும் அப்படித் தூக்கிப் போடுவதில்லை, மெஷின் துடைக்க ஆகும். பன்னிரண்டு வருடப் பழக்கம், அந்த நேரத்தில் யோசனையே வரவில்லை. காரியம் முடிந்து வேலை ஆரம்பித்த அன்று ராமுத்தாய் எண்ணெய் துடைக்க அதைத்தான் உருவியிருக்கிறாள்.

சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அக்கா, இது ஒங்க தையல்தான?" என்றாள்.

ஆமாம் என்றேன். ஒரு டெய்லருடைய கையை இன்னொரு டெய்லரிடம் மறைக்க முடியாது, மறைக்கிற மாதிரி மோசமான தையலும் இல்லை.

"மாத்தர உள்ள இருக்குக்கா" என்றாள். பனியனை மடித்து எடுத்துக்கொண்டு அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போனாள். அந்த அண்ணன்தான் அதை உங்களிடம் கொண்டுவந்தார். அவள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

அவர் போன அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

பதினோரு மணி இருக்கும். ஷெட்டிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. பனியனுக்குள் கையை விட்டார். விரல் பையின் வாயைத் தேடியது. இல்லை. வெளியிலிருந்து அட்டையைப் பிடித்துப் பார்த்தார், அட்டை இருந்தது. இழுத்தார். பனியன் துணி இழுத்தால் நீளும் ஐயா, சட்டென்று கிழியாது. இந்த ஊரே அந்தக் குணத்தை நம்பித்தான் பிழைக்கிறது. அவர் இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது, விட்டால் மறுபடி மார்போடு போய் ஒட்டிக்கொண்டது.

ஷெட்டில் எட்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் குரல் கட்டிலைத் தாண்டவில்லை. இப்போதெல்லாம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போனால் மெஷின் எல்லாம் நின்று, ஆட்கள் காற்றுக்கு வெளியே வருவார்கள். போய்விடுமோ என்று நான் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் போகவில்லை.

பிறகு அவர் பனியனை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். அவர் பனியன்காரர், பார்த்ததும் தெரிந்துவிட்டது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கதவுப் பக்கம் நின்ற என்னை அவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் கழுத்தில் நூல் வெட்டுகிற கத்தரி தொங்கிக்கொண்டிருந்தது. டெய்லர்கள் எல்லோரும் அப்படித்தான் மாட்டியிருப்போம். இரண்டு வெட்டு வெட்டினால் போதும். முதல் நாள் தைக்கும்போதே நான் ஒன்று முடிவு செய்திருந்தேன். அவர் வாய்விட்டுக் கேட்டால் வெட்டிவிட வேண்டும். அவர் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர், சொல்லித்தான் பழக்கம். ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்கட்டும், அது போதும் என்று இருந்தேன். அது நியாயமில்லையா, நீங்களே சொல்லுங்கள்.

அவர் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சமையலறைக்குப் போனேன். அரிசிப் பானைக்குப் பின்னால் முந்தின நாள் பழனாயியிடம் வாங்கிய உருண்டை இருந்தது. அதில் நெல்லிக்காய் அளவு கிள்ளி எடுத்துக்கொண்டு வந்து, கட்டிலுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். நாக்கின் நடுவில் வைத்து வாயை மூடிக்கொண்டேன். புளிப்பே ஏறாத புது வெண்ணெய். கண்ணில் தண்ணீர் வந்தது.

அப்போதுதான் அவர் கேட்டார்.

"வெட்டு ஞானா" என்றார். மெதுவாக, ஆனால் தெளிவாக. கொஞ்ச நேரம் கழித்து, "வெட்டிக் குடு சாமி" என்றார். என்னை அவர் சாமி என்று கூப்பிட்டது இல்லை.

நான் வெட்டத்தான் நினைத்தேன் ஐயா. முடிவு செய்தது செய்ததுதான், கைகூடக் கத்தரிக்குப் போய்விட்டது. ஆனால் வாயில் இருந்தது பாதிதான் கரைந்திருந்தது.