இன்னைக்கு யாரு காது?

எனக்கு வயது எழுபத்தொன்று. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். சண்டைக் காலத்தில் பன்வில பஸ்ஸில் கண்டிக்குப் போகையில், முன் சீட்டில் ஒரே கந்தோரில் வேலை செய்யும் மூவர் இருந்தார்கள்.

"இன்னைக்கு யாரு காது?" என்றார் ஒருவர்.

"நான்தான், ஐசே," என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

இதென்ன பேச்சு என்று காதைக் கொடுத்தேன்.

"செக்பொயின்ட்ல நில்லுன்னா நம்ம மாணிக்கத்துக்குக் கேக்காது. அதுக்காக மனேஜர் அவர வேலைய விட்டு நிப்பாட்டப் பார்க்கிறாரே!"

"அதுக்குத்தானே எங்கட நலன்புரிச் சங்கம் முறை போட்டுக் கூடப் போகுது. ஒருநாள் பிசகினாலும் அவற்ர வேலை போயிடும்."

"ஒங்க ஐடென்டியில யாழ்ப்பாணம்னு இருக்கே. ஒங்களப் புடிச்சு வச்சா?"

"அப்ப நீர் காது."

ஜன்னலோரம் இருந்த மூன்றாமவர், மாணிக்கம், இருவர் வாயையும் பார்த்துச் சிரித்தார்.

செக்பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். யாழ்ப்பாணத்துக்காரரின் அட்டையை வாங்கி, அவரை ஓரமாக நிற்க வைத்தான் சிப்பாய். மாணிக்கம் அதைக் காணாமல் நடந்துகொண்டே போனார். மற்றவர் இன்னும் பஸ் படியில்.

"நவத்தின்ன!" என்று நிற்கச் சொல்லிக் கத்தி, சிப்பாய் துவக்கை நிமிர்த்தினான்.

யாழ்ப்பாணத்துக்காரர் ஓடவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குறுக்கே போய் நின்று, "அவருக்குக் காது கேட்காது, மாத்தயா!" என்று சிங்களத்தில் சத்தம் போட்டார்.

துவக்கு தாழ்ந்தது. மாணிக்கத்தைப் போகவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரரை விடவில்லை.

பஸ் புறப்பட்டது. மற்றவர் மாணிக்கத்தின் தோளில் கையை வைத்தார். கண்டி வரும்வரை எடுக்கவில்லை.

பேத்தி, அந்த முதல் கேள்வியை மட்டும் இன்னொருதரம் வாசி.