மூக்கைச் சிந்தச் சொன்ன மேதைகளுக்கு

அவையை நடத்தும் பெரியவர் சேஷன் அவர்களே, பாராட்டுப் பெற வந்திருக்கும் மூளை அறுவை மருத்துவர் அபிலாஷ் அவர்களே, வலியசாலையின் மூத்தோரே, தாய்மாரே, வணக்கம்.

மருத்துவரைப் புகழ இந்த வார்டு சிஸ்டர் ஜெபமலரை அழைத்தீர்கள். புகழ்கிறேன். மூக்கின் வழியே குழாய்க் கேமராவை நுழைத்து, மண்டையோட்டின் அடித்தளத்தில் இருந்த கட்டியை எடுத்த கை அவருடையது. ஆனால் அறுவை நடந்த அந்த நான்கு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் நோயாளியைக் காத்தது யார்? எந்தச் சுவரொட்டியில் அந்த முகம் இருக்கிறது?

பாறசாலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சத்தியதாஸுக்குக் கண்ணின் இருபுறமும் இருண்டு வந்தது. பக்கத்தில் வரும் பஸ்ஸே தெரியவில்லை. சொந்தக்காரர்கள் கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள். மனைவி தாசம்மாள்தான் பிடிவாதமாக எங்களிடம் அழைத்து வந்தார். கட்டி பார்வை நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

அறுவை நன்றாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தோம். மூக்கைச் சிந்தாதே, குனியாதே, முக்காதே, தும்மல் வந்தால் வாயைத் திற. அவசரத்தில் அதைத் தாசம்மாள் கையில் திணித்தவள் நான். எங்கள் பெருமையைப் பாருங்கள். தாசம்மாள் தன் மகள் லிபியிடம் அதை வாசிக்கச் சொல்லி, மலையாளத்தில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினார்.

எட்டாம் நாள் நலம் விசாரிக்க வந்தார் மகேஷ்குமார். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எதிலும் கருத்து உள்ளவர்.

"மூக்கு அடச்சிருக்கே, நல்லா சிந்திக் களயும் ஓய்" என்றாராம்.

சத்தியதாஸும் சிந்தினார், தாசம்மாள் கடைக்குப் போயிருந்த நேரத்தில். (சிரிக்கிறீர்கள். மகேஷ்குமார் பெயர் அழைப்பிதழில் இருக்கிறது, ஆள் வரவில்லை. ஜலதோஷமாம்.)

மறுநாள் காலை சத்தியதாஸ் குனிந்தபோது மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. தாசம்மாள் எங்கள் மருத்துவமனைக்குப் போன் செய்தார். எடுத்தவர் சொன்னார், "சேச்சி, அது ஜலதோஷம் தன்னே. ரெண்டு நாள் நோக்கிட்டு வா."

"சாரே, ஜலதோஷம் குனிஞ்சா மட்டுமா சொட்டும்? எனக்க வீட்டுக்காரருக்கு தொண்டையில உப்பு கரிக்குது. நான் இப்பமே வாறேன்."

கணவரைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்துத் தம்பானூரில் இறங்கி, ஆட்டோவில் வந்துவிட்டார். கையில் ஒரு நோட்டு. குடித்த தண்ணீர், போன சிறுநீர், காய்ச்சல், எல்லாம் நேரம் போட்டு எழுதியிருந்தார். சத்தியதாஸைக் குனியவைத்துச் சொட்டிய நீரைக் குப்பியில் பிடித்தேன். மூளையைச் சுற்றி இருக்கும் நீர்தான் என்றது பரிசோதனை. கிருமி ஏறி மூளைக்காய்ச்சல் வருமுன், சிந்தியதில் திறந்துகொண்ட ஓட்டையை மருத்துவர் மறுபடி அடைத்தார். இரண்டு நாள் கழித்து வந்திருந்தால்? மருத்துவரிடமே கேளுங்கள், தலையைக் குனிந்துகொள்வார்.

மூன்று மாதம் கழித்து, சத்தியதாஸ் பக்கத்தில் வந்த ஆட்டோவுக்குத் தானே ஒதுங்கி நின்றதைப் பார்த்தேன்.

கருவிக்குக் கைதட்டும் கனவான்களே, பொன்னாடைக்குப் பொழுது ஒதுக்கும் புண்ணியவான்களே, அந்தப் பெண்ணின் நோட்டைப் புரட்டிப் பார்க்க உங்களில் ஒருவருக்காவது தோன்றியதா? எனக்கே அன்றுதான் தோன்றியது. அதனால் எங்கள் வார்டில் இப்போது ஒரு வழக்கம். கவனித்துக்கொள்ளப் போகிறவர் அந்தத் தாளில் உள்ளதைத் தம் மொழியில் திருப்பிச் சொல்லும்வரை எந்த நோயாளியும் வீட்டுக்குப் போவதில்லை. நேரமில்லை என்றவர்களோடு நான் சண்டை போட்டேன். இனியும் போடுவேன்.

மூன்றாம் வரிசையில் இருக்கும் தாசம்மாளே, எழுந்து நில்லுங்கள். இந்த ஊர் உங்களைப் பார்க்கட்டும்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி, நெளிந்தவர்களுக்கு இன்னும் நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம்.