செத்தவனுக்கு அனுமதி இல்லை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். குரலை உயர்த்திச் சொல்கிற கதை இல்லை இது. நம் ஒல்லி இருக்கிறானே, அவனுடைய அத்தானுக்கு நடந்தது. அவன் அக்காவைக் கட்டியவர். ஒல்லியே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது.

மணி பன்னிரண்டரை. பகல்தான்! பேய்க்கு ராத்திரி டூட்டி மட்டும்தான் என்று யார் சொன்னது? உச்சி வெயில். ஊருக்கு வெளியே ஆள் அரவமில்லாத சாலை. மரம் இல்லை, கடை இல்லை, ஒரு நாய்கூட இல்லை. உருகின தாரில் சக்கரம் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம்... சர்... சர்... சாலையின் முடிவில் ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம். காரில் அத்தானும், அவருக்குக் கையாளாக ஒல்லியும்.

கட்டடத்துக்குள் பெரிய கூடம். ஆள் உயர இரும்பு அலமாரிகளில் அடுக்கடுக்காகக் கணினிகள். எல்லாவற்றையும் கோத்து ஒரே கணினி போல ஓட்டுவார்கள், கிளஸ்டர் என்பார்கள். அதில் ஒரு காவல்கார மென்பொருளைப் போடுவதுதான் அத்தானின் வேலை. எந்தத் தகவலை யார் தொடலாம், எந்தக் கதவுக்குள் யார் நுழையலாம், எல்லாம் அதன் பொறுப்பு. முதலில் எல்லாருடைய அனுமதியையும் எடுத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொருவராக உள்ளே விட வேண்டும். வேலை முடியும்வரை இன்னொருவர் கையிலும் உரிமை இருக்க வேண்டும், அதுதான் முறை. "ஒல்லிகிட்ட குடுத்தா வெளங்கிடும்" என்று கிண்டலடித்துவிட்டு, அத்தான் தன் கட்டைவிரல்களை மட்டும் பதிவுசெய்துகொண்டார். வலது, இடது, எதை வைத்தாலும் போதும்.

அடுத்து, பூட்டு பிடிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்கென்று ஒரு பொய்ப் பெயரை உண்டாக்குவார்கள். அத்தானுக்குச் சோம்பல். பழைய பெயர் ஒன்று உள்ளே கிடந்தது. முன்பு அங்கே வேலை பார்த்த ஆபரேட்டருடையது.

"இவன்தான் செத்துட்டான்ல? இவன் பேர்லயே பாத்துடுவோம். எவன் வந்து சண்டைக்கு நிக்கப்போறான்?"

"வேணாம் அத்தான். வேற பேரு போடுங்க."

"போடா பயந்தாங்கொள்ளி. போய் சாப்பாடு வாங்கிட்டு வா."

அந்த ஆபரேட்டர் எப்படிச் செத்தான் தெரியுமா? தீயணைக்கிற வாயு தவறுதலாகத் திறந்துகொண்டது. அதே கூடம். கதவு பூட்டிக்கொண்டது. மூச்சு முட்டி முட்டிக் கதவை அடித்திருக்கிறான். வெளியே இருந்தவர்கள் ஏதோ மெஷின் சத்தம் என்று நினைத்துவிட்டார்கள். உடலை எடுத்தபோது வலது கையில் முழு எலும்பு ஒன்றுகூட இல்லை.

அவன் பெயருக்கு நேரே அத்தான் தடை போட்டார். பார்க்கத் தடை. எழுதத் தடை. நுழையத் தடை...

ஒல்லி அப்போதுதான் வெளி அறைக்கு வந்திருந்தான். உள்ளே காற்றாடிகளின் இரைச்சல் சட்டென்று நின்றது. கருகின ரப்பர் வாடை. அப்புறம்...

தொம்.

தொம்... தொம்...

திரும்பி ஓடினான். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அந்தப் பக்கம் அத்தான். வலது கையை ஓங்கி ஓங்கிக் கதவில் அடிக்கிறார். தோல் கிழிந்தது. அடுத்த அடியில் ஒரு விரல் பின்பக்கமாக மடங்கித் தொங்கியது. கண்ணாடியில் ரத்தம் தெறித்தது. அவர் நிறுத்தவில்லை. காய்ந்த குச்சி முறிகிற மாதிரி உள்ளே எலும்பு முறிகிற சத்தம்... ஒல்லி தன் நுழைவு அட்டையைக் கதவில் காட்டினான். சிவப்பு விளக்கு. மறுபடி காட்டினான். சிவப்பு.

"அத்தான், அடிக்காதீங்க! கை போயிடும்!"

"தடையை எடுடா மாப்ளே! அவன் பேர்ல போட்ட தடையை எடுடா!"

வெளி அறைக் கணினிக்குப் பாய்ந்தான். உனக்கு உரிமை இல்லை என்றது திரை. அத்தானின் கட்டைவிரல் வேண்டும் என்றது. ஒல்லி தலையில் அடித்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைப் பிடுங்கிப் பூட்டின் மேல் இடித்தான். பத்துப் பன்னிரண்டு இடி. பூட்டு தெறித்தது. அத்தான் அவன் மேலேயே சரிந்து விழுந்தார். மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சதைக்கூழ்.

ஆஸ்பத்திரியில் அத்தானுக்கு நினைவு திரும்பவில்லை. டாக்டர் ஒல்லியைக் கட்டிலருகே கூப்பிட்டார்.

"உண்மையச் சொல்லுப்பா. இவரை யாரு இப்படிப் பண்ணது?"

"யாருமில்ல டாக்டர். அவரேதான் அடிச்சுக்கிட்டாரு. என் கண்ணால பாத்தேன்."

"அப்ப இது என்ன?"

வலது மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல் தடம். கன்றிக் கறுத்து, எலும்புவரை பதிந்திருந்தது. யாரோ இறுக்கிப் பிடித்துச் சுழற்றி அடித்த தடம். ஒல்லிக்குக் கண்ணாடி வழியே பார்த்த முகம் நினைவுக்கு வந்தது. அத்தான் ஒரு தடவைகூடக் கதவைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துத்தான் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

எப்படியாவது அந்தத் தடையை எடுத்துவிட வேண்டும். வலது கட்டைவிரல் போய்விட்டது. இடது இருக்கிறதே! ஒல்லி அவசரமாகப் போர்வையை விலக்கினான். இடது கை பத்திரமாக இருந்தது, ஒரு கீறல் இல்லை. அவன் அழுதேவிட்டான்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த மணிக்கட்டில் தோல் அமுங்கியது. ஒரு விரல் அளவுக்கு... பக்கத்தில் இன்னொன்று... இன்னொன்று...

கை மெதுவாக மேலே எழும்பியது. கட்டிலின் இரும்புச் சட்டத்துக்கு நேராக.