மூஞ்சியைப் பார்த்துக் கொடுத்த பந்து

திருச்செந்தூர் பஸ் உப்பளங்களைக் கடந்துகொண்டிருந்தது. மதிய வெயிலில் உப்புக் குவியல்கள், மேகங்கள் இறங்கிப் படுத்ததுபோல் கிடந்தன. பாதித் தூக்கத்தில் இருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்த மூத்தவர் சொன்னது கனவிலோ என்று கண்ணைத் திறந்தேன்.

“எம் மவன் மூஞ்சியைப் பாத்துட்டுப் பந்தைக் கையில குடுத்துட்டாவ.”

“யாரு, அக்கா?”

“சென்னையில கிரிக்கெட்டுக்கு ஆள் எடுக்கவங்கதான். இவன் பேட்டோட போய் நின்னிருக்கான். ‘உன் நிறத்துக்கும் உடம்புக்கும் வேகப்பந்துதான் சரியா வரும், பேட்டிங்குக்கு எங்க பசங்க இருக்காங்க’ன்னு சொன்னாவளாம்.”

“அவன் பேட்டிங்தான நல்லா ஆடுவான்?”

“சின்னதுலேருந்து அது ஒண்ணுதான் அவனுக்கு.”

“பெறவு?”

“சொன்னபடி பந்து போட்டான். எடுத்துக்கிட்டாவ.”

“அப்ப நல்லதுதானக்கா. எப்படியோ உள்ள போயிட்டாம்லா.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. அவனும் சரின்னுதான் சொல்லுதான்.”

பஸ் தொட்டில்போல் ஆடிக்கொண்டு போனது. அவர் வெளியே வெள்ளையைப் பார்த்தபடியே பேசினார்.

“நேத்து மத்தியானம் சாப்பிட எழுப்பப் போனேன். நல்ல தூக்கம். ரெண்டு கையும் ஒண்ணுமேல ஒண்ணா, பேட்டைப் புடிச்ச மாதிரி இருந்துச்சு. மணிக்கட்டு மட்டும் லேசாத் திரும்புது. மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு.”

“எழுப்பிட்டியளா?”

“எப்படிளா எழுப்ப? அவன் இன்னும் அவுட் ஆகலியே.”