மீன்தொட்டியில் உப்பு கூடிய நாள்

என் பேச்சு நீளுமோ என்ற அச்சத்தைப் புன்னகையால் மறைத்தபடி அவைக்குத் தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்காகத் தம் தூக்கத்தைத் தொலைத்த தாய்மாரே! கணித மன்றத்துக் கண்மணிகளே! கதவருகே இடம்பிடித்து, கம்பி நீட்டக் காத்திருக்கும் கடைசி வரிசைக் காளைகளே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

கலவைக் கணக்கு என்றாலே கசக்கிறது உங்களுக்கு. "இருபது சதவீத அமிலத்தையும் ஐம்பது சதவீத அமிலத்தையும் யார் டீச்சர் வீட்ல கலக்குறாங்க?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. பதிலாக என் தம்பியைத் தருகிறேன்.

தம்பி பல் மருத்துவன். பிறர் வாயைத் திறக்க வைப்பதில் வல்லவன். கணக்கென்றால் தன் வாயை மூடிக்கொள்வதில் அதைவிட வல்லவன். அவன் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில், இருநூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி. உள்ளே இரண்டு கடல் மீன்கள். தம்பி மனைவி ஆறு வருடமாகக் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்தவை.

அவள் ஒரு பயிற்சிக்காக வெளியூர் போனாள். "தண்ணி குறைஞ்சா நல்ல தண்ணி மட்டும் ஊத்துங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். கேட்டானா? கடல் மீனாயிற்றே, வெறும் தண்ணீரில் வாடிப்போகுமே என்று பாசம் பொங்க உப்புத் தண்ணீரையே ஊற்றினான். ஆவியானது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கியது. அதன்மேல் இன்னும் உப்பு, இன்னும் உப்பு! சிரிக்காதீர்கள் அம்மா, பாசம் பொங்க டிபன் பாக்ஸில் சோற்றைத் திணிப்பது நீங்கள்தான்!

அவள் திரும்பும் நாள். நண்பகலில் தம்பி போன் செய்தான்.

"அக்கா, சின்ன மீன் சாஞ்சு கிடக்குது. சாயங்காலம் அவ வந்துருவா!"

"உப்புமானி முள்ளு எவ்வளவு காட்டுது?"

"நாலு சதவீதம். மூன்றரைதான் இருக்கணும். அரை சதவீதம்தானே கூடன்னு, தொட்டித் தண்ணியில அரை சதவீதம், அதாவது ஒரு லிட்டர், எடுத்துட்டு நல்ல தண்ணி மாத்திப் பார்த்தேன். முள்ளு அசையவே மாட்டேங்குது!"

யாரங்கே சிரிப்பது? போன தேர்வில் உங்களில் பாதிப் பேர் எழுதிய பதிலும் இதுதான்!

"தொட்டியில மொத்தம் எத்தனை கிலோ உப்பு?" என்றேன்.

"இருநூறுல நாலு சதவீதம்... எட்டு."

"இருக்க வேண்டியது?"

"மூன்றரை சதவீதம்னா... ஏழு. அப்ப ஒரு கிலோ வெளிய போகணும். உப்பை மட்டும் எப்படிக்கா அள்ளுறது?"

"தனியா வராதுடா, தண்ணியோடதான் வரும். எடுக்க வேண்டிய தண்ணிய எக்ஸ்னு வை."

"மீன் சாகுது, இப்பவா எக்ஸ்?"

"இப்பதான்டா எக்ஸ்!"

மறுமுனையில் மருந்துச் சீட்டின்மேல் பேனா கீறும் சத்தம் கேட்டது. பிறகு, மெல்ல: "எக்ஸ் லிட்டர்ல நாலு சதவீதம்... அது ஒரு கிலோ... அக்கா! இருபத்தஞ்சு லிட்டர்!"

வாய் கொப்பளிக்கும் குவளைகள் கைக்குக் கை பறந்தன. வாயில் பஞ்சைக் கடித்திருந்த நோயாளி ஒருவர், மறுத்துப் பேச வழியில்லாமல், வாளி பிடித்தார். இருபத்தைந்து லிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மீனுக்கென்று பதப்படுத்திய நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். முள் மூன்றரைக்கு இறங்கியது. வெகுநேரம் கழித்து, சின்ன மீன் துடுப்பை அசைத்தது. சாய்ந்தது நிமிர்ந்தது. நிமிர்ந்தது நீந்தியது!

மாலையில் வந்தவள், "தரையெல்லாம் ஏன் ஈரம்?" என்றாள். அவன் எதையும் மறைக்கவில்லை. அவள் தொட்டி முன் குனிந்து இரண்டு மீனையும் பார்த்துவிட்டு, எனக்குப் போன் செய்தாள். "அண்ணி, கணக்கை இவரேவா போட்டாரு?"

"அவனேதாம்மா."

ஒரு விசும்பல், உடனே ஒரு சிரிப்பு. "அப்ப இனிமே தொட்டிய இவரே பார்த்துக்கட்டும்!"

கண்மணிகளே! கண் முன்னே உயிர் துடிக்கும்போது கை பதறாதா? பதறும். மனம் மயங்காதா? மயங்கும். அந்த நேரத்தில், 'எனக்கு இது தெரியாது' என்று ஒப்புக்கொண்டு, தெரியாததற்கு ஒரு பெயர் வைத்து, தெரிந்ததை அதன் பக்கத்தில் நிறுத்துங்கள். அது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். அஞ்சாமல் எழுதுங்கள்! அழித்து எழுதுங்கள்! அடுத்தடுத்து எழுதுங்கள்!

என் கேலியைப் பொறுத்துக்கொண்ட பிள்ளைகளுக்கும், பிள்ளைகளுக்காக என்னைப் பொறுத்துக்கொண்ட பெரியோருக்கும், மேடை தந்த மன்றத்துக்கும் மனம் நிறைந்த நன்றி. வணக்கம்!