தலைகீழ் வாக்கியமும் ஜன்னலோரச் சேரும்

...பன்னெண்டும்மா, ஒரே லெட்டர்ல பன்னெண்டு வாக்கியம்! பன்னெண்டும் தலைகீழ்! உட்காரு, உட்காரு, இனிமே உன் சேர்தானே இது. நான்தான் இன்னைலேருந்து கீழே ஸ்டோர் ரூமுக்கு, கிரீஸ் டப்பாவுக்குக் காவல். பதினாலு வருஷம் இந்த ஜன்னலோரத்துல டைப் அடிச்சவ!

என்ன தப்புப் பண்ணேன்னா கேக்கறே? நம்ம கம்பெனி மாட்டிக் குடுத்த லிஃப்ட் நடுவழியில நின்னு போச்சுன்னு ஒருத்தர் புகார் எழுதினாரு. "எங்க லிஃப்ட் ஒருநாளும் நின்னதில்லை"ன்னு பதில் போட வேண்டியதுதானே? பொய்தான். பொய்யா இருந்தாலும் நேரா சொல்லலாமில்ல? மேனேஜர் இங்கிலீஷ்ல, 'ஒருநாளும்'ங்கறதைத் தூக்கி முதல்ல வச்சு எழுதித் தர்றாரு, "நெவர் ஹேஸ் அவர் லிஃப்ட் ஸ்டாப்ட்"! அடுத்த வரி "ரேர்லி டூ வி"... அதுக்கடுத்தது "நாட் ஒன்லி டிட்"... ஆளை வாசல்ல நிக்க வச்சுட்டு, செருப்பை முதல்ல உள்ளே அனுப்புற மாதிரி!

பொறுத்தேனா நான்? எல்லாத்தையும் நிமித்தி அடிச்சு, அவரைக் கேக்காமலே அனுப்பிட்டேன். இது மட்டுமில்ல, ஆறு மாசமா இதே வேலைதான். நேத்து ஃபைலைப் புரட்டிப் பாத்துட்டாரு. கத்துனாரு பாரு... "என் நடையையே கெடுத்துட்டீங்க"ன்னு! அவரோட நடையாம்!

சிரிக்காதே. எங்கேர்ந்து வந்துச்சு அந்த நடை? ஒன்பது வருஷம் முன்னாடி ஸ்பேனரும் கையுமா வந்த மெக்கானிக் அவரு. ஒரு புகாருக்குப் பதில் எழுதத் தெரியாம, இதோ, இந்த மேசைகிட்டத்தான் நின்னு முழிச்சாரு. நான்தான்... ஹூம்... நான்தான்மா சொன்னேன். "தம்பி, அந்த 'நெவர்'ரைத் தூக்கி முன்னாடி போடு, வக்கீல் எழுதினதுன்னு நெனச்சு வாயை மூடிக்குவாங்க"ன்னு. மூடிக்கிட்டாங்க! அதை வச்சே விறுவிறுன்னு மேலே போயிட்டாரு மனுஷன், நம்ம லிஃப்ட் மாதிரி நடுவுல நிக்கக்கூட இல்ல.

போகட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா ஆறு மாசம் முன்னாடி, கம்பெனி விழாவுல, மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, "இந்த நடை எனக்குத் தானா வந்தது"ங்கறாரு. முதல் வரிசையில உக்காந்திருக்கேன் நான்! "அக்கா சொல்லிக் குடுத்தாங்க"ன்னு ஒரு வார்த்தை... வந்துச்சா வாயில? மறுநாள் ஆரம்பிச்சேன், ஒவ்வொண்ணா நிமித்த.

ஏம்மா, எங்கே எழுந்திரிக்கறே? உள்ளேர்ந்து கூப்பிடறாரா? போ, போ. அக்கா என்ன சொன்னாங்கன்னு கேட்டா மட்டும் சொல்லு... ம்... கேக்காட்டியும் சொல்லு.